சுங்குடித் துணியை மூடிய வெள்ளைப் பசை எங்கே போகிறது?

துணியையோ காகிதத்தையோ வெட்டிப் பொருள்கள்மேல் ஒட்டி அலங்கரிக்கும் டெகூபாஜ் கைவேலைக்குப் பழைய சுங்குடிச் சேலையைவிட நல்ல துணி இல்லை என்று அடித்துச் சொல்வேன். 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடி, புள்ளி போட்ட மெல்லிய பருத்தி. பலமுறை துவைத்த சேலையில் கஞ்சியும் நிற்காத சாயமும் ஏற்கனவே போயிருக்கும். அதை வெட்டி மண்தொட்டியிலோ காலி கண்ணாடி பாட்டிலிலோ வெள்ளைப் பசையால் ஒட்டி, அதே பசையை மேலேயும் பூசுகிறோம். பூசியதும் புள்ளிகள் வெள்ளைக்குள் மறைந்துவிடும். சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் வெள்ளையைக் காணோம். புள்ளிகள் முன்பைவிடப் பளிச்சென்று இருக்கும்.

ஃபெவிகால் போன்ற பசைகளில் இருப்பது பாலிவினைல் அசிடேட். 1912-இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் கிளாட்டே கண்டறிந்த பாலிமர் இது, அதாவது நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆன பொருள். தண்ணீரில் கரையாது, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள நுண்துளிகளாக மிதக்கும். பசையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். ஒளி துளிக்குத் துளி பட்டுச் சிதறுவதால், பாலைப் போலவே, வெள்ளையாகத் தெரிகிறது. தண்ணீர் வெளியேற வெளியேற, துளிகள் நெருங்கி, நசுங்கி, இடைவெளியை அடைக்கின்றன. அப்புறம் ஒரு துளியின் பாலிமர் சங்கிலிகள் பக்கத்துத் துளிக்குள் புகுந்து பின்னிக்கொள்கின்றன. துளிகளுக்கு நடுவே எல்லையே இல்லாதபோது ஒளி எங்கே சிதறும்? படலம் தெளிந்துவிடுகிறது.

துணியிலும் இதேதான். பருத்தி இழைகளுக்கு நடுவில் இருந்த காற்றின் இடத்தைப் பசை பிடித்துக்கொள்வதால் அங்கும் சிதறல் குறைகிறது, சாயம் ஆழமாகத் தெரிகிறது. இழைகளைச் சுற்றி இறுகிய பசை இனி எளிதில் விடாது.

ஆக, தண்ணீர் போக வழி வேண்டும். விளாச்சேரிப் பக்கம் சுட்ட மண்தொட்டி என்றால் கவலையில்லை, மண்ணே கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். கண்ணாடி உறிஞ்சாது; துணி வழியாக மட்டுமே ஈரம் வெளியேற முடியும். அதனால் கண்ணாடிக்கு மெல்லிய பூச்சுதான் சரி, ஒன்று நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. சீக்கிரம் காயட்டும் என்று மொட்டைமாடி வெயிலில் வைப்பது தவறு. மேல்பக்கம் முதலில் தோல் கட்டி, உள்ளே ஈரம் சிக்கிக்கொள்ளும். வளைந்த இடத்தில் சுருக்கம் விழுந்தால் அது பசையின் குற்றம் இல்லை. துணியை கிராஸாக, அதாவது மூலைவாட்டில், வெட்டினால் பாவும் ஊடையும் நெகிழ்ந்து கொடுத்து வளைவோடு படியும்.

வெளியேறிய தண்ணீர் திரும்பி வந்தால்தான் வம்பு. நுண்துளிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் மிதக்க, பசையில் பெரும்பாலும் பாலிவினைல் ஆல்கஹால் சேர்க்கிறார்கள். அது தண்ணீரில் கரையக்கூடியது; படலத்துக்குள் அப்படியே தங்கிவிடுகிறது. ஈரம் பட்டால் அது ஊறிப் படலம் மறுபடி வெளுக்கும், பிடி தளரும். குடிநீர்ப் பானையில் இந்த வேலையைச் செய்யவே கூடாது. பானை வெளிப்புறம் கசிந்து ஆவியாவதால்தான் தண்ணீர் குளிர்கிறது. பசை பூசினால் குளிர்ச்சியும் போகும், பின்னாலிருந்து வரும் கசிவில் துணியும் உரியும்.

வெயிலும் ஒரு சிக்கல். இந்தப் பாலிமர் 30 முதல் 40 டிகிரி செல்சியஸுக்குள் இளகத் தொடங்கும். மதுரையின் சித்திரை வெயிலோ 40-ஐத் தொட்டுவிடும். முடித்த தொட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒட்டிக்கொள்வது இதனால்தான். பசை முழுதாகக் காய்ந்தபின், அதைவிடக் கெட்டியாகவும் நீரைத் தாங்கும்படியும் உள்ள அக்ரிலிக் வார்னிஷை மேலே இரண்டு தடவை பூசுவது நல்லது.