சைக்கிளுக்குப் பெயர் வையுங்கள், ஃபிரேமில் நெருப்பு வைக்காதீர்கள்

கோட்டைவாசலிலிருந்து புளியரைக்கு இறங்கும் எஸ் வளைவில், போன ஞாயிற்றுக்கிழமை ஒரு தம்பியின் சைக்கிள் 'டிக்' என்று சத்தம் போட்டிருக்கிறது. கல் தெறித்திருக்கும் என்று விட்டுவிடாமல் அவர் நிறுத்திப் பார்த்தார். பிழைத்தார். மறுநாள் செங்கோட்டையில் உள்ள என் பட்டறைக்கு அதைத் தள்ளிக்கொண்டே வந்தார். ஹேண்டிலடியிலிருந்து பெடல் அச்சுக்கு இறங்கும் கீழ்க்குழாயில், ஹேண்டிலுக்கு ஒரு சாண் பின்னால், 'கம்மல்' என்று எழுத்து வெட்டிய அலுமினியத் தகட்டைப் பற்றவைத்திருந்தார்கள். தகட்டின் முனையில் தொடங்கிய விரிசல் குழாயைப் பாதி சுற்றி ஓடியிருந்தது. நகத்தை வைத்தால் உள்ளே இறங்கியது.

இந்த வருடத்தில் இது மூன்றாவது. முதலில் வந்தவருக்குத் தாடையில் தையல் போட வேண்டியிருந்தது. இனியும் பேசாமல் இருக்க என்னால் முடியாது.

பெயர் வைப்பதை நான் குறை சொல்லவில்லை. பேரன் பள்ளிக்கூடம் போவதற்கு முதல் சைக்கிள் வாங்கித் தர, காதில் கிடந்த கம்மலைக் கழற்றி அடகு வைத்தவர் அந்தத் தம்பியின் பாட்டி. அதை மீட்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார். வேலைக்குப் போன பிறகு பாகம் பாகமாக வாங்கிக் கட்டிய சைக்கிளுக்குப் பேரன் வேறு என்ன பெயர் வைப்பார்?

எங்கள் பக்கம் ஒவ்வொரு பெயருக்கும் இப்படி ஒரு கதை உண்டு. புளியரையில் பால் ஊற்றுகிறவரின் சாம்பல் நிறச் சைக்கிள் 'மயிலை'. அவருடைய அப்பா வறட்சியில் விற்ற மாட்டின் நிறம் அது. ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் தன் சைக்கிளுக்கு 'மீட்டர் கேஜ்' என்று பெயர் வைத்திருக்கிறார். 1904 முதல் மீட்டர் கேஜ் என்ற குறுகிய பாதையில் மலைக்குள் ஓடிய கொல்லம் ரயில் 2010இல் நின்றது. அகலப் பாதையில் மறுபடி ஓடியது 2018இல்தான். இடைப்பட்ட வருடங்களில் அவர் ஆரியங்காவுக்கு அந்தச் சைக்கிளில்தான் போய்வந்தார். ஆரியங்காவிலிருந்து வரும் மலையாள இளைஞர்கள் யானையை நினைத்துக் 'கொம்பன்' என்று வைக்கிறார்கள். 1963இல் அயர்லாந்திலிருந்து டெல்லிவரை சைக்கிளில் வந்த டெர்வ்லா மர்ஃபியும் தன் சைக்கிளை டான் கிஹோட்டே நாவலில் வரும் ரோசினான்டே என்ற குதிரையை நினைத்து 'ரோஸ்' என்றே அழைத்தார். மயிலையின் பெயர் செயின் கவரில் பெயின்ட்டால் எழுதியது. இத்தனை வருடத்தில் அந்தச் சைக்கிளுக்கு ஒரு குறையும் வந்ததில்லை.

"பற்றவைத்தால் பலம் கூடத்தானே செய்யும்?" இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன். கூடாது. குறையும். பற்று விழுந்த இடத்தைவிட அதை ஒட்டிய அரை விரல் அகலத்தில்தான் ஆபத்து. அலுமினிய ஃபிரேம்களில் அதிகம் வருவது 6061 என்ற கலவை. அதன் வலு முழுக்கப் பக்குவத்தில் இருக்கிறது. தொழிற்சாலையில் குழாய்களைப் பற்றவைத்த பிறகு ஃபிரேமை முழுதாக 500 டிகிரிக்கு மேல் சூடாக்கி, சட்டென்று குளிரவைத்து, மறுபடி மிதமான சூட்டில் பல மணி நேரம் வைத்து அந்தப் பக்குவத்தைக் கொண்டுவருகிறார்கள். கேட் பட்டறையில் ஆர்கான் வெல்டிங் போடும் ஒரு நிமிடத்தில் அது போய்விடுகிறது. அந்த இடம் தாங்கும் வலு ஏறத்தாழப் பாதியாகிவிடும். குரோமியமும் மாலிப்டினமும் கலந்த குரோமோலி எஃகுக் குழாய் வேறு கதை. நடுவில் அதன் கனம் பல ஃபிரேம்களில் 0.6 மில்லிமீட்டர்தான், ஒரு ரூபாய் நாணயத்தின் கனத்தில் பாதிகூட இல்லை. கேட் இரும்பைப் பற்றவைத்துப் பழகிய கை அதில் ஓட்டையே போட்டுவிடும்.

"தாத்தா சைக்கிளில் கேரியரைப் பற்றவைத்து முப்பது வருடம் பால் கேன் சுமந்தாரே" என்பார்கள். சுமந்தார். அது கனத்த சாதாரண இரும்புக் குழாய். சூட்டில் இழப்பதற்கு அதனிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. தாத்தா அந்தச் சைக்கிளில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் மலை இறங்கவும் இல்லை.

"கிரேம் ஓப்ரி தன் கையால் கட்டிய சைக்கிளில் உலக சாதனை செய்யவில்லையா?" என்று படித்தவர்கள் வாதாடுகிறார்கள். செய்தார். 'ஓல்ட் ஃபெய்த்ஃபுல்' என்று அந்த ஸ்காட்லாந்து சைக்கிள் வீரர் பெயரிட்ட சைக்கிளில் சலவை இயந்திரத்தின் பேரிங்கும் இருந்தது. 1993 ஜூலையில் நார்வேயின் ஹமாரில் ஒரு மணி நேரத்தில் 51.596 கிலோமீட்டர் ஓட்டினார். எந்தக் குழாய் எந்தச் சுமையைத் தாங்க வேண்டும் என்று யோசித்து யோசித்துக் கட்டியது அது. ஓடியது கூரைக்குள் போட்ட தளத்தில், நம் மலைச்சாலைக் குழிகளில் அல்ல.

துளை போடுவதும் வேண்டாம். பழைய சைக்கிள்களில் கம்பெனி வில்லையை ஹேண்டில் நுழையும் குழாயில் ரிவெட் அடித்திருப்பதைப் பார்த்துவிட்டுக் கீழ்க்குழாயில் துளைக்கிறார்கள். அந்த இடமும் இந்த இடமும் ஒன்றல்ல.

பெயர் இருப்பதால் திருடு போனாலும் கண்டுபிடித்துவிடலாம் என்றும் நம்பாதீர்கள். பெயரை அழிக்கத் திருடனுக்கு ஐந்து நிமிடம் போதும். உங்களுக்குச் சாட்சி ஃபிரேம் எண். பெரும்பாலும் அது பெடல் அச்சு நுழையும் கூட்டின் அடியில் குத்தப்பட்டிருக்கும். பொடியைத் தூவி அடுப்பில் சுட்டெடுக்கும் பவுடர் கோட்டிங் பெயின்ட் அதை மூடிவிடும். பெயின்ட்டுக்குக் கொடுக்கும் முன் சைக்கிளைக் கவிழ்த்து எண்ணைப் படம் எடுங்கள், ரசீதோடு வையுங்கள். கார்பன் ஃபிரேமை அந்த அடுப்புக்குள் வைக்கவே கூடாது. சூட்டில் பிசின் கெட்டுவிடும்.

செயின் கவர் இருக்கிறது, மட்கார்டு இருக்கிறது, கேரியர் இருக்கிறது. பெயரை அங்கே எழுதுங்கள். ஃபிரேமில்தான் வேண்டுமென்றால் பெயின்ட் அல்லது ஸ்டிக்கர். ஏற்கெனவே தகட்டைப் பற்றவைத்துவிட்டவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், மலைக்குப் போகாதீர்கள். வீட்டில் கிரைண்டர் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம், மிச்சமிருக்கும் கனமும் போய்விடும். அழுக்கைத் துடைத்துவிட்டுத் தகட்டின் முனைகளை வெளிச்சத்தில் பாருங்கள். முடி போல ஒரு கோடு தெரிந்தால் அன்றோடு நிறுத்திவிட்டுத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

இந்த ஃபிரேம் இனி ஆகாது என்று சொன்னதும் அந்தத் தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அண்ணாச்சி, தகட்டையாவது எடுத்துத் தர முடியுமா?" என்று கேட்டார். குழாயோடு சேர்த்து அறுத்து, பின்பக்கம் ஒட்டியிருந்ததை அரத்தால் தேய்த்து எடுத்தேன். புது ஃபிரேம் வந்ததும் கேரியரில் இரண்டு போல்ட் போட்டு மாட்டப்போகிறோம்.