இரண்டரை மணிச் சோறு

மட்டக்களப்பில் வாவிக்கரைப் பக்கம் உள்ள ஒரு சாப்பாட்டுக்கடை எனக்கு மிகவும் பிடித்தமானது. மத்தியானச் சோறு, மீன் கறி, பொரித்த சூடை மீன், தேங்காய்ப்பாலில் வைக்கும் பால் சொதி என்று அங்கே சாப்பிட்டு எழும்பினால் மனம் நிறைந்துவிடும். அண்மையில் பிந்திப் போய், பகல் இரண்டரை மணிக்குச் சாப்பிட்டது அப்படி இல்லை. சோறு விறைத்திருந்தது. சொதியில் எண்ணெய் வேறாக, வெள்ளைத் துகள் வேறாக மிதந்தது. சூடையில் சவர்க்கார ருசி. சமைத்தவர் அதே ஆள்தான், அதே கைப்பக்குவம்தான். அடுப்பிலிருந்து இறக்கியதற்கும் கோப்பைக்கு வந்ததற்கும் இடையே கடந்த நேரம்தான் வித்தியாசம். அந்த நேரத்துக்குள் ஒவ்வொரு சட்டியிலும் ஒவ்வொரு விதமான மாற்றம் நடந்திருக்கிறது.

முதலில் சோறு. அரிசியில் மாப்பொருள் இறுகிய மணிகளாக இருக்கிறது. ஏறத்தாழ 60 முதல் 80 பாகை செல்சியசில் அந்த மணிகள் தண்ணீரை உறிஞ்சி ஊதுகின்றன; உள்ளே இருக்கும் அமைலோசு, அமைலோபெக்டின் என்ற இருவகைச் சங்கிலிகளும் அவிழ்கின்றன. சோறு ஆறும்போது அவை மறுபடியும் பக்கம் பக்கமாக ஒட்டி இறுகும், இடையில் இருந்த தண்ணீரை வெளியே தள்ளும். அமைலோசு இறுகச் சில மணி நேரம் போதும். அமைலோபெக்டினுக்கு நாட்கணக்கு வேண்டும். இலங்கையில் விளையும் நெல்லினங்களில் பெரும்பாலானவை அமைலோசு கூடியவை. அதனால்தான் நம்முடைய சோறு சூட்டில் பருக்கை பருக்கையாக உதிர்ந்து வருகிறது, ஆறினால் சீக்கிரம் விறைக்கிறது. மறுபடி ஆவியில் வைத்தால் அமைலோபெக்டின் பகுதி இளகும். அமைலோசு இறுகியது இளகுவதற்கு 100 பாகைக்கும் மேலே போக வேண்டும், சாதாரணச் சட்டியில் அது நடக்காது. ஆகவே சூடாக்கிய சோறு முழுதாகப் பழைய நிலைக்கு வராது.

சொதிதான் எனக்குப் பெரிய கவலை. தேங்காய்ப்பால் என்பது தண்ணீருக்குள் பரவி நிற்கும் மிகச் சிறிய எண்ணெய்த் துளிகள். ஒவ்வொரு துளியையும் சுற்றிப் புரதம் ஒரு மெல்லிய போர்வையாக இருப்பதால்தான் துளிகள் ஒன்றோடொன்று சேராமல் இருக்கின்றன. சூடு 80 பாகையைத் தாண்டினால் அந்தப் புரதம் உருக்குலைந்து திரளத் தொடங்கும். போர்வை போனதும் துளிகள் சேர்ந்து எண்ணெயாக மேலே வரும், திரண்ட புரதம் வெள்ளைத் துகளாக நிற்கும். புளிப்பும் இதே வேலையை இன்னொரு வழியில் செய்கிறது. புரதங்களில் உள்ள மின்னேற்றம் துளிகளை விலக்கி வைக்கிறது. தேசிக்காய்ப்புளி விட்டு அமிலத்தன்மை கூடக் கூட அந்த மின்னேற்றம் குறைந்து துளிகள் நெருங்குகின்றன.

வீடுகளில் அம்மாமார் செய்வதைப் பாருங்கள். வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், கறிவேப்பிலை எல்லாவற்றையும் கப்பிப்பாலில், அதாவது தேங்காய்ப்பூவை மறுபடி பிழிந்தெடுத்த தண்ணிப்பாலில், கொதிக்க விடுவார்கள். முதலில் பிழிந்த கெட்டியான முதற்பாலைக் கடைசியில் விட்டு, கலக்கிக்கொண்டே இருந்து, நுரை கட்டி வரும்போதே இறக்கிவிடுவார்கள். இறக்கிய பிறகுதான் தேசிக்காய். மேலே சொன்ன இரண்டு ஆபத்துகளையும் ஒன்றாக வரவிடாத முறை இது, மிகக் கெட்டிக்காரத்தனமானது. கடையிலோ, புளி விட்ட சொதி மணிக்கணக்கில் சிறு நெருப்பில் இருக்கும். திரையாமல் என்ன செய்யும்? முதற்பாலைத் தனியே வைத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து இறக்கினால் இரண்டரை மணிக்கும் நல்ல சொதி கொடுக்கலாம். திரைந்த சொதியால் உடம்புக்குக் கேடில்லை, ருசிதான் போய்விடும்.

சூடையின் சவர்க்கார ருசிக்குக் காரணம் எண்ணெய். தேங்காயெண்ணெயின் கொழுப்பமிலங்களில் பாதிக்குக் கிட்ட லோரிக் அமிலம். மீனிலிருந்து வரும் தண்ணீர், சூடான எண்ணெயின் மூலக்கூறுகளில் சிலவற்றை உடைத்து அந்த அமிலத்தைப் பிரித்துவிடுகிறது. இதற்கு நீர்ப்பகுப்பு என்று பெயர். தனியே பிரிந்த லோரிக் அமிலத்துக்குச் சவர்க்காரத்தின் ருசி உண்டு. தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரத்தில் முக்கியமாக இருப்பதே அதன் உப்புத்தான். தேங்காயெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு ஏறத்தாழ 90 சதவீதம் என்பதால் காற்றால் அது சீக்கிரம் காறாது. ஆனால் அதே எண்ணெயில் திரும்பத் திரும்பப் பொரித்தால் இந்த ருசி ஏறிக்கொண்டே போகும். எண்ணெய் கறுத்து, அதிகம் நுரைத்து, சீக்கிரமே புகைத்தால் அதை மாற்ற வேண்டும். இந்தியாவில் பொரிக்கும் எண்ணெயில் சிதைவுப் பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 2018 முதல் சட்டமே இருக்கிறது.

மீன் கறி மட்டும் அன்று நன்றாகவே இருந்தது. முதல் நாள் மீன் கறிக்கு அடுத்த நாள்தான் ருசி என்று நம் ஊரில் சொல்வது சும்மா இல்லை. மீன் வாடையைத் தரும் ரைமெத்தைல் அமைன், பழப்புளியின் அமிலத்தோடு சேர்ந்தால் காற்றில் ஆவியாகி மூக்குக்கு வராது. உப்பும் புளியும் மெல்ல மெல்லச் சதைக்குள் இறங்கும். புளி விடாத இறைச்சிக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை: வெந்த இறைச்சியில் விடுபடும் இரும்பு, கொழுப்பை ஒட்சியேற்றத்துக்கு, அதாவது ஒட்சிசனோடு சேர்ந்து கெடுவதற்கு, தள்ளும். மறுபடி சூடாக்கும்போது வரும் அந்தப் பழைய வாடையை ஆய்வாளர்கள் 1958இலேயே விவரித்திருக்கிறார்கள்.

இதெல்லாம் கோப்பையில் நடந்தது. ஏமாற்றம் உண்டாவது மூளையில். 1990களில் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் விஞ்ஞானி, ஓர் அடையாளத்தைக் காட்டிப் பழச்சாறு கொடுத்துக் குரங்குகளைப் பழக்கினார். பழகிய பிறகு சாறு கொடுக்காமல் விட்டால், அது வரவேண்டிய அதே கணத்தில், எதிர்பார்த்த பலன் கிடைத்ததா என்று மூளைக்கு உணர்த்தும் டோபமின் நரம்புக் கலங்களின் செயற்பாடு வழமையைவிடக் கீழே இறங்கியது. முன்பின் தெரியாத கடையில் இதே சாப்பாடு கிடைத்திருந்தால் சுமார் என்று சொல்லிவிட்டு எழும்பியிருப்பேன். பிடித்த கடை என்பதால்தான் மனம் அப்படிக் கோணிப் போனது.

அதே கடையின் இரவுக் கொத்து ஏமாற்றுவதே இல்லை. ஆறிய ரொட்டியிலும் மாப்பொருள் இறுகித்தான் இருக்கிறது, ஆனால் அங்கே அந்த இறுக்கம் தேவை: சுடச்சுட ரொட்டியைக் கொத்தினால் குழம்பில் களியாகிவிடும், ஆறியது துண்டு துண்டாக நிற்கும். அப்புறம், கொத்து நீங்கள் கேட்ட பிறகுதான் அடுப்புத் தட்டில் ஏறுகிறது. இறக்கிய கையோடு சாப்பிடுகிறீர்கள்.