செனடாஃப்: உடல் இல்லாத கல்லறை

சென்னை தேனாம்பேட்டையில் செனடாப் ரோடு இருக்கிறது. பிரிட்டிஷ் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் பிரபுவின் நினைவாக அங்கே நின்ற கட்டடத்தால் வந்த பெயர். ஆனால் அவர் 1805இல் இறந்ததும் அடக்கமானதும் எங்கோ வடக்கே, இன்றைய உத்தரப் பிரதேசத்தின் காஜிப்பூரில். உடல் ஓரிடம், அதற்கான கல்லறைக் கட்டடம் வேறிடம் என்றால் அதுதான் செனடாஃப்.

சொல் கிரேக்கம். கெனோஸ் என்றால் காலி, வெறுமை. டாஃபோஸ் என்றால் கல்லறை. இரண்டும் சேர்ந்து கெனோடாஃபியோன். இலத்தீன், பிரெஞ்சு எல்லாம் சுற்றி ஆங்கிலத்துக்குப் போனபோது 'கெ' போய் 'செ' வந்துவிட்டது, நாம் அதைத்தான் வாங்கினோம்.

கிரேக்கர்களுக்கு இப்படி ஒரு சொல் ஏன் தேவைப்பட்டது? அடக்கம் கிடைக்காத ஆவி பாதாளத்துக்குள் நுழைய முடியாமல் வெளியே அலையும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால்தான் போர் முடிந்ததும் தோற்றவன் தூதனை அனுப்பி, பிணங்களை எடுத்துக்கொள்ள விடு என்று கேட்பான், அப்படிக் கேட்டாலே தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். கி.மு. 406இல் ஆர்கினூசே கடற்போரில் ஏதென்ஸ் ஜெயித்தது, ஆனால் புயலில் கடலில் கிடந்தவர்களை மீட்காமல் விட்டதற்காக ஜெயித்த தளபதிகளிலேயே 6 பேருக்கு மரண தண்டனை கொடுத்தார்கள்!

ஏதென்ஸின் வழக்கத்தை அந்த ஊர் வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் விவரமாகவே எழுதி வைத்திருக்கிறார். மாண்டவர்களின் எலும்புகளை ஊருக்குக் கொண்டுவந்து 3 நாள் பந்தலில் வைப்பார்கள், சொந்தக்காரர்கள் வந்து தங்களால் முடிந்ததைப் படைக்கலாம். பிறகு சைப்ரஸ் மரப் பெட்டிகள், குடிமக்கள் பிரிவு ஒன்றுக்கு ஒன்றாக மொத்தம் 10, வண்டிகளில் புறப்படும். அவற்றோடு விரிப்பு விரித்த ஒரு பாடையும் போகும், அதில் யாரும் இருக்கமாட்டார்கள். உடல் கிடைக்காதவர்களுக்கான பாடை அது. மதிலுக்கு வெளியே கெராமெய்கோஸ் என்ற இடுகாட்டில் அடக்கம், பெண்கள் அங்கேயே நின்று ஒப்பாரி வைப்பார்கள், கடைசியில் ஊர் தேர்ந்தெடுத்த ஒருவர் பேசுவார். ஏதென்ஸின் தலைவர் பெரிகிளீஸின் புகழ்பெற்ற உரை கி.மு. 431 குளிர்காலத்தில் இப்படிப் பேசியதுதான். கல்லில் பெயர்களைப் பிரிவுவாரியாகப் பொறிப்பார்கள், பெரும்பாலும் அப்பா பெயர்கூட இருக்காது, பணக்காரன் ஏழை எல்லாரும் ஒரே வரிசை. பாரசீகரோடு நடந்த மராத்தான் போரில் விழுந்த 192 பேர் மட்டும் விதிவிலக்கு என்கிறார் தூசிடிடீஸ், அவர்களைப் போர்க்களத்திலேயே புதைத்து மேடு எழுப்பினார்கள்.

சரி, நம் சொல்லுக்கு வருவோம். கிரேக்க எழுத்தாளரும் படைத்தலைவருமான செனஃபோன் கூலிப்படையோடு கருங்கடல் ஓரமாக ஊர் திரும்பியபோது, கி.மு. 400இல், கால்பே என்ற இடத்தில் இறந்தவர்களைத் தேடிப் போகிறார்கள். பிணங்களுக்கு ஐந்து நாளாகிவிட்டது, தூக்க முடியாத நிலை, கிடந்த இடத்திலேயே புதைக்கிறார்கள். கிடைக்காதவர்களுக்குப் பெரிதாக ஒரு கெனோடாஃபியோன் கட்டி மாலை போட்டார்கள் என்று எழுதுகிறார், சொல்லே அங்கே இருக்கிறது.

தமிழில் என்ன சொல்வது? நினைவுச்சின்னம் என்கிறார்கள். தாஜ்மகாலும் நினைவுச்சின்னம்தான், அதற்குள் உடல் இருக்கிறதே! நடுகல் அழகான சொல், அந்த வழக்கம் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது, ஆனால் அது வீரனுக்காக நட்ட கல்லைக் குறிக்கிறது, கீழே உடல் உண்டா இல்லையா என்பதைச் சொல்வதில்லை. கிரேக்கர் கல்லறை மேல் நிறுத்திய ஸ்டீலே என்ற கல்லுக்கு வேண்டுமானால் அது ஓரளவு பொருந்தும். என் ஓட்டு வெறுங்கல்லறைக்கு. 'வெறும்' என்றால் மட்டமாகத் தொனிக்கிறதே என்று சிலர் தயங்கலாம், ஆனால் கெனோஸுக்கும் வீண் என்ற பொருள் உண்டு.

அந்தப் பொருளுக்கும் உதாரணம் இருக்கிறது. கிரேக்க ஊரான பிளாட்டேயாவில் கி.மு. 479இல் பாரசீகரை வென்ற பிறகு, போருக்கே வராத சில ஊர்க்காரர்கள் பிற்காலத்தார் முன் வெட்கப்பட்டுக் காலி மேடுகளை எழுப்பிக்கொண்டார்கள் என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். ஏஜினா என்ற தீவுக்காரர்கள் பெயரில் இருந்த மேட்டை, அவர்கள் கேட்டுக்கொண்டபடி, பிளாட்டேயாக்காரர் கிளியாடீஸ் போர் முடிந்து 10 வருஷம் கழித்துக் கட்டிக் கொடுத்தாராம்.