இரண்டாவது பகுதி கஷ்டமாக வந்தால் என்ன அர்த்தம்?

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் மேற்படிப்புக்கு எழுதும் ஜிஆர்இ நுழைவுத் தேர்வை எழுதிய ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "கணிதத்தில் முதல் பகுதி சுமாரான கஷ்டம்தான், இரண்டாவது பகுதி படு கஷ்டம், எல்லாம் போச்சா?" போகவில்லை. முதல் பகுதியின் 12 கேள்விகளை நன்றாகச் செய்தவர்களுக்குத்தான் கடினமான 15 கேள்விகள் கொண்ட இரண்டாம் பகுதி வரும், ஆக இது பெரும்பாலும் நல்ல சேதி.

எல்லோருக்கும் ஒரே வினாத்தாள் என்றே பழகிவிட்டதால் இது அநியாயம்போலத் தோன்றும். ஆனால் உங்களைப் பற்றி இன்னும் தெரியாத எதையாவது தெரிந்துகொள்ளத்தானே கேள்வியே கேட்கிறோம்? நீங்கள் நிச்சயம் சரியாகப் போடுவீர்கள் என்று தெரிந்த கேள்வி வீண், நிச்சயம் தப்பாகப் போடுவீர்கள் என்று தெரிந்ததும் வீண்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். டென்மார்க்கைச் சேர்ந்த கணிதவியலாளர் கியோர்க் ராஷ் 1960-ல் வெளியிட்ட முறையில், மாணவரின் திறனும் கேள்வியின் கடினமும் ஒரே அளவுகோலில் வைக்கப்படுகின்றன, இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் சரியான விடை வரும் வாய்ப்பைத் தீர்மானிக்கிறது. அந்த வாய்ப்பையும் தவறான விடை வரும் வாய்ப்பையும் பெருக்கினால் அந்தக் கேள்வி நமக்கு எவ்வளவு தகவல் தருகிறது என்று வந்துவிடும், அவ்வளவு எளிமை! பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள கேள்விக்கு 0.5 பெருக்கல் 0.5, அதாவது 0.25. பத்தில் ஒன்பது முறை சரியாகப் போடக்கூடிய கேள்விக்கு வெறும் 0.09. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது என்றால் 0.01-கூட முழுசாக வராது, அப்படிப்பட்ட கேள்விகளை 25 கேட்டாலும் பொருத்தமான ஒரே ஒரு கேள்வி சொல்வதைத்தான் சொல்லும். கொடுக்கப்பட்ட விடைகளில் குருட்டாம்போக்கில் ஒன்றைத் தொட்டும் மார்க் வாங்கலாம் என்பதால் நடைமுறையில் கணக்கு கொஞ்சம் மாறும், அடிப்படை இதுதான்.

1993-ல் ஜிஆர்இ இப்படி எழுதுபவருக்கு ஏற்றபடி கேள்வி எடுக்கும் கணினித் தேர்வாக மாறியபோது ஒவ்வொரு விடைக்குப் பிறகும் கணினி திறனை மறுபடி கணக்கிட்டு அடுத்த கேள்வியை எடுத்தது, தாண்டிப்போன கேள்விக்குத் திரும்பவே முடியாது. அதிகத் தகவல் தரும் கேள்வியையே தேடி எடுப்பதால் அதே நல்ல கேள்விகள் திரும்பத் திரும்ப வெளியே வந்துவிடும். 1994-ல் கப்லான் பயிற்சி நிறுவனம் தன் ஊழியர்களையே தேர்வெழுத அனுப்பி, அவர்கள் நினைவில் வைத்து வந்த கேள்விகளைக் கொண்டு இந்த ஓட்டையைக் காட்டியது, விவகாரம் நீதிமன்றம்வரை போனது. 2011-லிருந்து ஜிஆர்இ பகுதிக்குப் பகுதி மட்டுமே மாறுகிறது. அதனால் ஒரு பகுதிக்குள் முன்னும் பின்னும் போகலாம், விடையை மாற்றலாம்.

அப்புறம் அந்த மூடநம்பிக்கை: முதல் ஐந்து கேள்விகள்தான் தலையெழுத்து என்பது. ஜிஆர்இயில் ஒரு பகுதிக்குள் எல்லாக் கேள்விக்கும் ஒரே மதிப்பு, முதல் கேள்விக்குத் தனி மரியாதை கிடையாது. இதை நம்பி ஆரம்பத்திலேயே நேரத்தைக் கரைத்துவிட்டுக் கடைசிக் கேள்விகளைத் தொடாமல் வரும் பிள்ளைகளை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. இந்தியாவில் பல ஷிப்டுகளில் நடக்கும் பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயினுக்குப் பர்சென்டைல் (அதே ஷிப்டில் எத்தனை சதவீதம் பேர் உங்கள் மதிப்பெண்ணிலோ அதற்குக் கீழோ இருக்கிறார்கள் என்ற கணக்கு) போட்டுச் சமன்செய்கிறார்கள். ஒவ்வொரு கேள்வியின் கடினத்தையும் முன்கூட்டியே மாணவர்களிடம் சோதித்து அளந்த பெரிய கேள்வி வங்கி இருந்தால் எந்த ஷிப்டில் எழுதினாலும் திறனை நேரடியாகவே ஒப்பிடலாம். அதற்குப் புள்ளியியலாளர்களும் பல வருட உழைப்பும் வேண்டும், அரசு அதற்குத் தாராளமாகவே பணம் ஒதுக்க வேண்டும்.