சிம் ட்ரே இல்லாத ஃபோனோடு வெளிநாடு கிளம்புகிறவர்களுக்கு

துபாயிலிருந்தோ தோஹாவிலிருந்தோ பிள்ளை வாங்கி அனுப்பிய புது ஐபோனைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல சிம் எங்கப்பா போடுறது?" என்று கேட்கிற பெரியவர்கள் இப்போது எங்கள் அலுவலகத்துக்கும் வருகிறார்கள். நான் திருச்சியில் டிராவல்ஸ் நடத்துகிறேன். டிக்கெட்டுக்கும் விசாவுக்கும் வருகிறவர்கள் இதையும் சேர்த்தே கேட்டுவிடுகிறார்கள். ஃபோனில் கோளாறு ஒன்றும் இல்லை. சிம் போடுகிற இடமே இல்லாமல்தான் அது தயாராகி வருகிறது.

இது 2022இல் அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14இல் ஆரம்பித்தது. அப்போது அந்த ஊர் சமாச்சாரம் என்று நாம் விட்டுவிட்டோம். 2025 செப்டம்பரில் வந்த ஐபோன் 17 வரிசையில் கனடா, மெக்சிகோ, ஜப்பான் ஆகிய நாடுகளோடு அமீரகம், சவுதி, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் மாடல்களிலும் ட்ரே போய்விட்டது. ஐபோன் ஏர் உலகம் முழுக்கவே ட்ரே இல்லாமல்தான் விற்கிறது. கூகுள் பிக்சல் 10இன் அமெரிக்க மாடல்களும் அப்படியே. இந்தியாவில் விற்கிற ஐபோன் 17இல் ஒரு நானோ சிம் போட இன்னும் இடம் இருக்கிறது. ஆனால் நம் ஊரில் எத்தனை வீட்டு ஐபோன்கள் வளைகுடாவிலிருந்து வந்தவை என்று யோசித்துப் பாருங்கள். அதனால் இது இப்போது நம் வீட்டு விஷயம்தான்.

இ-சிம் என்பது ஃபோனின் போர்டிலேயே பதிந்திருக்கும் ஒரு சின்னச் சிப். கார்டில் இருந்த அதே விவரங்கள் இணையம் வழியாக அதில் வந்து இறங்கும். ஒரு ஃபோனில் பல இ-சிம்களைச் சேமிக்கலாம். ஐபோன் 13 முதல் வந்தவற்றில் இரண்டை ஒரே நேரத்தில் இயக்கலாம்.

இதில் நல்லது இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். ஃபோனைத் திருடியவன் கார்டைக் கழற்றி வேறு ஃபோனில் போட்டு உங்கள் ஓடிபியை வாங்க முடியாது. கார்டைக் கழற்றித் தூக்கிப்போட்டுவிட்டு ஃபோனைத் தடம் தெரியாமல் ஆக்கவும் முடியாது. விமானம் இறங்கியதும் சிம் கடை வரிசையில் நிற்க வேண்டியதில்லை. சில மாடல்களில் ட்ரே இருந்த இடத்தில் பேட்டரியைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். ஆப்பிள் தரும் கணக்குப்படி ஐபோன் 17 ப்ரோவில் ட்ரே உள்ள மாடலில் 31 மணி நேரம் வீடியோ ஓடினால், இல்லாத மாடலில் 33 மணி நேரம் ஓடும்.

எனக்குக் கவலையெல்லாம் ஒன்றே ஒன்றுதான். உங்கள் நம்பரை ஒரு ஃபோனிலிருந்து இன்னொரு ஃபோனுக்கு மாற்றும் வேலை இதுவரை உங்கள் கையில் இருந்தது. இனி அது கம்பெனியின் கையில். வீட்டில் இருக்கும்போது இந்த வித்தியாசம் தெரியாது. வெளிநாட்டில் ஒரு ஃபோன் செத்துப்போனால்தான் தெரியும்.

மலேசியா குரூப் டூரில் எங்களோடு வந்த ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு அப்படித்தான் ஆனது. பத்துமலை படிக்கட்டில் ஃபோன் கைதவறி விழுந்து ஸ்கிரீன் முழுக்கக் கறுத்துவிட்டது. நம்பர் இ-சிம்மில் இருந்தது. பழைய காலமாக இருந்தால் கார்டை எடுத்து அவர் மனைவியின் ஃபோனில் இரண்டாவது சிம்மாகப் போட்டிருப்போம், அதோடு முடிந்தது. இங்கே எடுக்க ஒன்றும் இல்லை. மனைவியின் ஃபோனிலிருந்து கஸ்டமர் கேரைப் பிடித்தோம். "உங்கள் நம்பரிலிருந்தே ஒரு எஸ்எம்எஸ் அனுப்புங்கள் சார், இல்லையென்றால் அடையாள அட்டையோடு பக்கத்திலுள்ள ஸ்டோருக்கு வாருங்கள்" என்றார்கள். நம்பர் செத்த ஃபோனுக்குள் இருக்கிறது, ஸ்டோர் திருச்சியில் இருக்கிறது. "தம்பி, பேங்க்ல காசு இருக்கு, எடுக்க வழி இல்லையேப்பா" என்று அவர் சொன்னபோது என்னிடம் பதில் இல்லை. டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறக்க ஓடிபி வேண்டும், அந்த ஓடிபி அந்த நம்பருக்குத்தான் போகும். கோலாலம்பூரில் எங்களுக்கு வேலை பார்க்கும் ஏஜென்ட் மூலம் ரிங்கிட் கொடுத்துச் சமாளித்தோம். தனியாகப் போயிருந்தால் அந்த மனிதர் என்ன செய்திருப்பார்?

கம்பெனி கேட்டதிலும் காரணம் உண்டு. வேறு ஒருவன் உங்கள் பெயரைச் சொல்லி நம்பரை வாங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை கெடுபிடி. இதோடு இன்னொரு விதியையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியாவில் சிம்மை மாற்றினால், அது கார்டிலிருந்து இ-சிம்மாக இருந்தாலும், அடுத்த 24 மணி நேரத்துக்கு அந்த நம்பரில் எஸ்எம்எஸ் போகாது, வராது. மோசடியைத் தடுக்கத் தொலைத்தொடர்புத் துறை போட்ட கட்டுப்பாடு இது. நாளை ஃபிளைட்டை வைத்துக்கொண்டு இன்று ராத்திரி புது ஃபோனுக்கு நம்பரை மாற்றுகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். ஏர்போர்ட்டில் நின்றுகொண்டு, வெளிநாட்டுச் செலவுக்கான ஃபாரெக்ஸ் கார்டில் பணம் ஏற்றப் பார்ப்பார்கள், ஓடிபி வராது. யுபிஐ ஆப்பும் புது ஃபோனில் உங்களைப் பதிந்துகொள்ள அந்த நம்பரிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிப் பார்க்கும், அதுவும் நடக்காது. ஆகவே மாற்றுவதென்றால் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே மாற்றுங்கள். மாற்றியபின் பேங்க் ஆப், யுபிஐ, வாட்ஸ்அப் மூன்றையும் வீட்டிலேயே திறந்து, எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பிஎஸ்என்எல் நம்பர் வைத்திருக்கும் பெரியவர்கள் இன்னும் கொஞ்சம் முன்னதாகவே ஆரம்பிக்க வேண்டும். தமிழ்நாட்டில் பிஎஸ்என்எல் இ-சிம் கொடுக்க ஆரம்பித்ததே 2025இல்தான். பென்ஷன் கணக்கு, கேஸ், ஆதார் என்று எல்லாமே அந்த ஒரு நம்பரில் இருக்கும். அதைப் புது ஃபோனுக்குள் ஏற்றுவதற்கு முன், பழைய ஃபோனிலேயே இருக்கட்டும் என்று விட்டால் என்ன என்பதையும் யோசியுங்கள். நான் பல பெரியவர்களுக்கு அதைத்தான் சொல்கிறேன். பேங்க் நம்பர் கார்டாகவே ஒரு சாதாரண ஃபோனில் இருக்கட்டும். படம் எடுக்க, வீடியோ காலில் பேச, வழி பார்க்க இந்தப் புது ஃபோன். பையில் இரண்டு ஃபோன் சுமப்பது தொந்தரவுதான். ஆனால் ஒன்று கெட்டாலும் நடுத்தெருவில் நிற்க மாட்டீர்கள்.

கணவன் மனைவி இருவருமாகப் போனால், ஒருவராவது ட்ரே உள்ள ஃபோன் வைத்திருப்பது நல்லது. எந்த பேங்க் மின்னஞ்சலுக்கும் ஓடிபி அனுப்புகிறதோ, அந்த வசதியைக் கேட்டு வாங்கிவிடுங்கள். எஸ்எம்எஸ் அல்லாத வழிகளுக்கும் இடம் தரும் ரிசர்வ் வங்கி விதிகளுக்கு நடைமுறைத் தேதியாக 2026 ஏப்ரல் 1 குறிக்கப்பட்டிருக்கிறது. உங்கள் பேங்கில் என்ன வந்திருக்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ரீசார்ஜ் காலம் பயணம் முடிகிறவரை இருக்கிறதா, அந்த நம்பரில் இன்டர்நேஷனல் ரோமிங் திறந்திருக்கிறதா, பேக் போடாமலே எஸ்எம்எஸ் வருமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் கம்பெனிக்குக் கம்பெனி, பிளானுக்குப் பிளான் மாறும். பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்தது என்பதால் உங்களுக்கும் வரும் என்று நம்பிவிடாதீர்கள்.

அப்புறம், போகிற நாட்டுக்காக வாங்கும் டிராவல் இ-சிம். ஆன்லைனில் பணம் கட்டினால் ஒரு கியூஆர் கோடு வரும். வந்த கோடு அதே ஃபோனின் ஸ்கிரீனில் இருக்கும், அதை அதே ஃபோனின் கேமராவால் எப்படி ஸ்கேன் செய்வது என்று திகைக்கிறவர்கள் நிறையப் பேர். புதிய ஐபோன்களில் அந்தப் படத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இ-சிம் சேர்க்கிற வசதி வரும். இல்லையென்றால் கோடை ஒரு தாளில் பிரின்ட் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் அலுவலகத்தில் டிக்கெட்டோடு சேர்த்து அதையும் பிரின்ட் போட்டுத்தான் கொடுக்கிறோம்.

முக்கியமாக, அதை இறக்குவதற்கே இணையம் வேண்டும். போய் இறங்கியபின் ஏர்போர்ட் வைஃபையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். வைஃபைக்குள் நுழையவே ஓடிபி கேட்கிற ஏர்போர்ட்டுகள் உண்டு. வீட்டிலேயே இறக்கிவிட்டு, அந்த லைனை ஆஃப் செய்து வைத்திருங்கள். ஆனால் இறக்கிய நிமிடத்திலிருந்தே நாள் கணக்கு ஓடத் தொடங்குமா, அந்த நாட்டு டவரைப் பிடித்த பிறகுதானா என்பதை வாங்கும்போதே படித்துவிடுங்கள். இரண்டு வகையும் விற்கிறார்கள். ஒரு முறை இறக்கிய கோடு பெரும்பாலும் மறுபடி வேலை செய்யாது. "இது எதுக்கு இங்க கிடக்கு" என்று செட்டிங்ஸில் போய் அழித்துவிட்டால், திரும்பப் பணம் கட்ட வேண்டியதுதான்.

செட்டிங்ஸில் இன்னும் ஓரிடம் இருக்கிறது. மொபைல் டேட்டா எந்த லைனில் என்ற இடத்தில் டிராவல் இ-சிம்மைத் தேர்ந்தெடுங்கள். அந்த லைனில் டேட்டா ரோமிங் ஆன், இந்திய லைனில் டேட்டா ரோமிங் ஆஃப். அதன் கீழேயே, சிக்னல் இல்லாவிட்டால் இன்னொரு லைனின் டேட்டாவுக்குத் தானாக மாறிக்கொள்ளட்டுமா என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். அதையும் ஆஃப் செய்யுங்கள். இந்திய லைனையே மொத்தமாக அணைத்துவிடாதீர்கள், அணைத்தால் ஓடிபி வராது. வாட்ஸ்அப் பழைய நம்பரிலேயே ஓடும். அது நம்பரை மாற்றட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இந்த டிராவல் இ-சிம்களில் பெரும்பாலானவற்றில் டேட்டா மட்டும்தான் இருக்கும், நம்பர் இருக்காது. உள்ளூர் நம்பர் கட்டாயம் என்றால் அந்த நாட்டுக் கம்பெனியிடம்தான் வாங்க வேண்டும். எங்கே வாங்குவது என்பதிலும் கவனம் தேவை. வெளிநாட்டு சிம்களை இந்தியாவில் விற்க தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி வேண்டும். அது இல்லை என்பதால் 2024 ஜனவரியில் டிராவல் இ-சிம் விற்கும் ஏர்அலோ, ஹோலாஃப்ளை இரண்டும் இங்கே தடுக்கப்பட்டன. துருக்கியில் 2025 ஜூலையில் இப்படிப் பல தளங்களை அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் முடக்கியது. அங்கே போகிறவர்கள் இறங்கியபின் வாங்கலாம் என்று இருந்தால் தளமே திறக்காது. சீனாவுக்கு மருத்துவம் படிக்கப் போகும் நம் பிள்ளைகளுக்கு வளைகுடா ஐபோனைக் கொடுத்தனுப்ப வேண்டாம் என்று பெற்றோரிடம் கண்டிப்பாகவே சொல்கிறேன். அங்கே உள்ளூர் நம்பர் பெரும்பாலும் இன்னமும் கார்டில்தான். அந்த நம்பர் இல்லாமல் அன்றாடக் காரியமே ஓடாது.

இப்போது மோசடி பற்றி. "கஸ்டமர் கேரிலிருந்து பேசுகிறோம், உங்கள் சிம்மை இ-சிம்மாக மாற்றாவிட்டால் கனெக்‌ஷன் கட்டாகிவிடும்" என்று ஒருவன் பேசுவான். ஒரு லிங்க் வரும், அல்லது ஒரு மெசேஜுக்கு 1 என்று பதில் போடச் சொல்வான். போட்டால் உங்கள் நம்பர் அவன் ஃபோனில் இ-சிம்மாக ஏறிவிடும். உங்கள் ஃபோனில் சிக்னல் போய்விடும். உள்ளூரில் இருந்தால் சிக்னல் போனதும் சந்தேகம் வரும். வெளிநாட்டில் இருப்பவர் ரோமிங் பிரச்சினை என்று நினைத்து இரண்டு நாள் பேசாமல் இருந்துவிடுவார், அதற்குள் கணக்கு காலியாகிவிடும். வெளிநாட்டில் இந்திய லைனில் காரணமில்லாமல் சிக்னல் போய், ஃபோனை ஆஃப் செய்து ஆன் செய்த பிறகும் வரவில்லையென்றால் அன்றே பேங்கைக் கூப்பிட்டுக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். பேங்கின் சாதாரண நம்பரை, நாட்டுக் குறியீட்டோடு, தாளில் எழுதி வைத்திருங்கள். பல இலவச நம்பர்களுக்கு வெளிநாட்டிலிருந்து லைன் போகாது. பணம் போய்விட்டால் ஊரில் இருக்கும் மகனோ மகளோ உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடிக்க வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து பொங்கலுக்கு வரும் சொந்தக்காரர்களுக்கும் இது உண்டு. அவர்கள் ஃபோனில் ட்ரே இல்லை. நம் ஊர்க் கடைகள் பலவற்றில் புது நம்பர் முதலில் கார்டாகத்தான் கையில் வருகிறது, உயிர் வந்தபிறகுதான் இ-சிம்மாக மாற்றுகிறார்கள். நடுவில் அந்தக் கார்டைப் போட ட்ரே உள்ள ஒரு ஃபோனை வீட்டில் யாரிடமாவது இரவல் வாங்க வேண்டும். கடைக்குப் போகும்போதே *#06# அடித்து, அவர்கள் ஃபோனின் 32 இலக்க இஐடி எண்ணை, அதாவது அதிலுள்ள இ-சிம் சிப்பின் அடையாள எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள்.

தொலைபேசிக் கம்பெனிகளிடம் எங்களைப் போன்றவர்கள் கேட்பது ஒன்று உண்டு. வெளிநாட்டில் இருக்கும் வாடிக்கையாளரின் ஃபோன் கெட்டுவிட்டால், வீடியோ காலில் முகத்தையும் பாஸ்போர்ட்டையும் சரிபார்த்து, அங்கேயே இ-சிம்மைத் திரும்பக் கொடுக்க ஒரு வழி திறங்கள். வீடியோவில் ஆளைச் சரிபார்த்து பேங்க் கணக்கே திறக்க ரிசர்வ் வங்கி 2020இலேயே அனுமதித்துவிட்டது. ரோமிங் பேக்கை வாங்கச் சொல்லி, விமானம் ஏறும்வரை மெசேஜ் அனுப்புகிறீர்கள். அந்த ஆள் போய் இறங்கிய ஊரில் நம்பரைத் தொலைத்துவிட்டு நின்றால், பேச ஒரு ஆளும் ஒரு வழியும் வேண்டும் சார்.