கேக்கில் மின்னும் தூள்: டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்

போன சனிக்கிழமை என் கேக் வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி போனை நீட்டினார். மகளின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு அவரே செய்த கேக். பட்டர்கிரீம் வழுவழுவென்று வந்திருந்தது. ரோஜா இதழ் ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. அதன் மேல் முழுக்கப் பொன்னிறத் தூள்.

"டப்பா கையில இருக்காம்மா?" என்றேன். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கட்டைவிரல் உயரம்தான் இருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஸ்டிக்கரைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். 'நான்-டாக்சிக்', அதாவது நஞ்சில்லாதது, என்று பெரிதாக இருந்தது. 'அலங்காரத்துக்கு மட்டும்' என்று அடியில் பொடி எழுத்து. உள்ளே என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. உரிம எண்ணும் இல்லை.

"கேக்குக்குத்தான்னு சொல்லித்தான் கொடுத்தாங்க அக்கா. நான்-டாக்சிக்னு வேற போட்டிருக்கே?"

மூன்று மாதத்தில் என் கைக்கு வந்த நான்காவது டப்பா இது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நான்-டாக்சிக் என்றால் சாப்பிடலாம் என்று அர்த்தம் இல்லை. குழந்தைகளின் கிரேயான் டப்பாவிலும் பசை டப்பாவிலும் இதே சொல்தான் இருக்கிறது. தொட்டாலோ, தப்பித்தவறி கொஞ்சம் வாயில் பட்டாலோ பயப்பட வேண்டாம் என்பதற்காகப் போடுவது அது. அதற்காகக் கிரேயானைச் சீவித் தயிர்சாதத்தில் கலந்து ஊட்டுவோமா? 'அலங்காரத்துக்கு மட்டும்' என்பதற்கும் கேக் அலங்காரம் என்று பொருள் கொள்ளாதீர்கள். பரிமாறும் முன் எடுத்துப் போட்டுவிடும் பொம்மைக்கும் காகிதப் பூவுக்கும் பூசத்தான் அது. கிரீமில் ஒட்டிய தூளை எப்படி எடுப்பீர்கள்?

அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் 2018-ல் ஒரு பிறந்தநாள் கேக்கைச் சாப்பிட்ட ஆறு குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தன. எல்லாரும் 1 முதல் 11 வயதுக்குள். கேக்கில் பூசியிருந்த ரோஸ் கோல்ட் தூளில் செம்பு இருந்தது. அடுத்த ஆண்டு மிசோரியில் ஒரு வயதுக் குழந்தையின் ரத்தத்தில் ஈயம் கூடியிருந்தது. தேடிப்போனால், பிறந்தநாள் கேக்கை அலங்கரித்த தூள்களில் ஒன்றில் நூற்றுக்கு 25 பங்கு ஈயம். அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2021-ல் இவற்றை அறிக்கையாக வெளியிட்டபோது, நான்-டாக்சிக் என்ற சொல்லை நம்பித் தின்னக் கூடாது என்று தனியாகவே எழுதியது. ஈயம் குழந்தையை என்ன செய்யும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

தண்ணீரில் போட்டுக் கரைகிறதா பார், கரைந்தால் நல்லது என்று ஒரு சோதனை சுற்றிக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து அதை நம்பாதீர்கள். உண்ணத்தக்க தூள் பலவற்றிலும் மைக்கா என்ற மின்னும் தாது இருக்கிறது, அது கரையாது. விஷமுள்ள செம்பு உப்புகளில் சிலவோ கரைந்தே போகும். வீட்டில் செய்யும் சோதனை எதுவும் இதற்கு ஆகாது, லேபிள் ஒன்றுதான் வழி. 'எடிபிள்' (உண்ணத்தக்கது) என்ற சொல், சேர்மானப் பட்டியல், இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் 14 இலக்க உரிம எண் மூன்றும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். பெரிய டின்னிலிருந்து சின்ன டப்பாவில் பிரித்துப் போட்டு விற்பதை வாங்கவே வாங்காதீர்கள்.

கலருக்கும் இதே கதைதான். பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி என்ற துணிச் சாயம் இருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அதைத் தடைசெய்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். பஞ்சுமிட்டாயை மட்டும் திட்டிவிட்டு, பெயரில்லாத பொட்டலத்து ரோஸ் பவுடரை வீட்டு ஐசிங்கில் கலக்கிறோம்.

வீட்டுக்கு என்ன பெரிதாக வேண்டும்? குக்கீ மேல் பூச 120 கிராம் ஐசிங் சுகரைச் சலித்து, ஒரு மேசைக்கரண்டி பால் விட்டுக் குழையுங்கள். அதற்குப் பிறகு சொட்டுச் சொட்டாகத்தான். அரைக் கரண்டி கூடினாலே குக்கீயை விட்டு வழிந்து ஓடும். கரண்டியைத் தூக்கினால் விழும் நாடா பத்து எண்ணுவதற்குள் மறைந்தால் பரப்புவதற்குச் சரி. ஓரம் கட்ட இன்னும் கெட்டியாக இருக்கட்டும். குக்கீ முழுதாக ஆறியிருக்க வேண்டும், அவசரப்பட்டால் எல்லாம் உருகும். பாலில் கொஞ்சத்தைக் குறைத்து பீட்ரூட் சாறு விட்டால் ரோஸ். மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை போதும், கூடினால் வாசம் வந்துவிடும். சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்தால் நீலம், அதில் ஒரு சொட்டு எலுமிச்சை விட்டால் கண்ணெதிரே ஊதாவாக மாறும். இந்த நிறங்கள் இரண்டு நாளில் வெளிறும். பிறந்தநாள் கேக் அதுவரை இருக்கப் போவதில்லை. மினுமினுப்புதான் வேண்டுமென்றால் கற்கண்டை ஒன்றிரண்டாக நசுக்கித் தூவுங்கள். விளக்கு வெளிச்சத்தில் அது மின்னுகிற அழகே தனி.

வெள்ளைக்கரு சேர்த்துக் கெட்டியாகக் காயும் ராயல் ஐசிங் செய்பவர்களுக்கு ஒன்று. பச்சை வெள்ளைக்கருவை அடித்துச் சேர்க்காதீர்கள். சர்க்கரையும் எலுமிச்சையும் கிருமியைக் கொன்றுவிடும் என்பது தவறு. பச்சை முட்டையில் செய்த மயோனைசுக்குத் தமிழகத்தில் 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை வந்ததே, சால்மோனெல்லா என்ற கிருமி அதற்கொரு முக்கியக் காரணம். 450 கிராம் ஐசிங் சுகருக்கு மூன்று மேசைக்கரண்டி மெரிங் பவுடர் (பதப்படுத்திய வெள்ளைக்கருத் தூள்), ஐந்தாறு மேசைக்கரண்டி தண்ணீர். அது கிடைக்காவிட்டால் வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து, கைவிடாமல் கிளறி 71 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குங்கள். தெர்மாமீட்டர் இல்லையா? பட்டர்கிரீமே போதும், விட்டுவிடுங்கள்.

இன்றைக்கே அலமாரியைத் திறந்து டப்பாக்களைப் பாருங்கள். உரிமமும் பட்டியலும் இல்லாததைக் குழந்தை கைக்கு எட்டாமல் குப்பையில் போடுங்கள். ஆனால் அந்தத் தூள் போட்ட கேக்கைத் தின்று யாராவது வாந்தி எடுத்தால் டப்பாவை எறிந்துவிடாதீர்கள். கேக்கில் ஒரு துண்டையும் அந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள், என்ன கேக் என்று அவர் கேட்கும் முன்பே நீங்களாகச் சொல்லிவிடுங்கள்.