பாத்திரம் கழுவும் லிக்விடில் சானிடைசர் வேண்டாம்

தக்கலைப் பக்கம் சுயஉதவிக் குழுப் பெண்களுக்குப் பாத்திரம் கழுவும் லிக்விட் தயாரிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். வேதியியல் படித்ததற்கு இதைவிட நல்ல பயன் எனக்குத் தெரியவில்லை. போன மாதம் ஒரு அக்கா பாட்டிலோடு வந்தார். "தேன் மாதிரி இருந்தது சார். கிருமியும் சாகட்டுமேன்னு வீட்டுல மிச்சமிருந்த ஸ்ப்ரே சானிடைசரை ஊத்தினேன். தண்ணியாப் போச்சு." சாய்த்துப் பார்த்தேன். அரை லிட்டர் லிக்விடில் கால் லிட்டர் சானிடைசர். பாட்டில் சுவரில் ஒட்டாமல் சளசளவென்று ஓடியது.

நடந்தது இதுதான். லிக்விடில் அழுக்கை நீக்கும் பொருளுக்கு சர்ஃபாக்டன்ட் என்று பெயர். அதன் மூலக்கூறின் தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்குப் பிடிக்காது. ஓரளவு சேர்ந்ததும் வால்களை உள்ளே மறைத்துக்கொண்டு உருண்டையாகத் திரளும். அதற்கு மிசெல் என்று பெயர். சோடியம் லாரில் சல்ஃபேட் என்ற சர்ஃபாக்டன்டுக்கு, உருண்டை திரளத் தேவையான அளவு லிட்டருக்குச் சுமார் 2.3 கிராம். ஓர் உருண்டையில் ஏறக்குறைய 60 மூலக்கூறுகள். சாளை பொரித்த சட்டியின் எண்ணெய் இந்த உருண்டைக்குள் புகுந்துதான் தண்ணீரோடு போகிறது. நாம் உப்பு போடும்போது உருண்டைகள் புழுப்போல நீண்டு ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். லிக்விட் கெட்டியாவது அதனால்தான்.

சானிடைசரில் இருக்கும் எத்தனால் என்ற ஆல்கஹால் தண்ணீரின் குணத்தையே மாற்றிவிடுகிறது. வால்கள் அந்தக் கலவையில் நிம்மதியாக இருக்கும், ஒளிய வேண்டிய அவசியம் குறையும். எத்தனால் கூடக்கூடப் பின்னல் அறுந்து மிசெல்கள் சிறுத்து, கடைசியில் கலைந்தே போகும்.

எல்லா ஆல்கஹாலும் இப்படிச் செய்யாது. 12 கார்பன் உள்ள லாரில் ஆல்கஹாலைத் தேங்காய் எண்ணெயிலிருந்தே எடுக்கிறார்கள். அது தண்ணீரில் தங்காது. மிசெலுக்குள் போய்த் தலைகளுக்கு நடுவே நின்று, ஒன்றையொன்று தள்ளும் தலைகளைச் சமாதானப்படுத்தும். நுரை நீடிக்கும். ஷாம்பு லேபிளில் 'சீட்டைல் ஆல்கஹால்' என்று பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன், அது சாராய வகை இல்லை, மெழுகு மாதிரியான பொருள்.

சரி, அக்காவின் லிக்விட் சட்டி கழுவாதா? கழுவும். தொட்டியில் தண்ணீர் சேர்ந்ததும் எத்தனால் நீர்த்து, மிசெல்கள் மறுபடி கூடிவிடும். ஆனால் கிருமியைக் கொல்ல எத்தனால் 60 சதவீதமாவது வேண்டும். நீர்த்துப்போனதும் அந்த வேலையும் நடக்காது. அப்புறம், கெட்டித்தன்மை போனதால் ஸ்க்ரப்பரில் கூடுதலாக ஊற்றத் தோன்றும், செலவு கூடும்.

எனக்குப் பெரிய கவலை அடுப்படிதான். கேஸ் அடுப்புப் பக்கத்தில் இந்தப் பாட்டில் இருக்கவே கூடாது, தீப்பிடிக்கக்கூடியது. ப்ளீச்சிங் பவுடர் கரைசலோடு சானிடைசரைக் கலக்கவே வேண்டாம், குளோரோஃபார்ம் போன்ற நச்சு உருவாகும்.

பாட்டிலை விற்க வேண்டாம், உப்பு போட்டுச் சரிசெய்யப் பார்க்கவும் வேண்டாம் என்று அக்காவிடம் சொன்னேன். அடுப்பில்லாத கொல்லைப்புறத்தில் சிமெண்ட் தரை தேய்க்க எடுத்துப் போனார்.